ஐம்பத்து நாலாம் நம்பர்

மெரிக் ஃபோர்க், நெப்ராஸ்கா
ஆகஸ்ட் 29, 1977

அண்ணா,

இத்துடன் இருப்பது படம் மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தத் தாள். நவம்பர் 5ஆம் தேதி உன் மைதானத்தில் நம் இரண்டு கல்லூரிகளின் ஃபுட்பால் அணிகளும் மோதுகின்றன. அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களின் படச்சுருளை நீ எனக்கும் நான் உனக்கும் அனுப்ப வேண்டும், விதி அப்படி. கையெழுத்துப் போட்டு பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பு. டிரைவர் ஆர்வில் காலையில் உன் ஊரில் வாங்கினால் மத்தியானம் இங்கே என் கையில் கொடுத்துவிடுவார்.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறை கூப்பிட்டேன். ஆர்டிஸ் அண்ணி எடுத்து நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னார். "இல்லைன்னு சொல்லு" என்று பின்னாலிருந்து நீ சொன்னது எனக்கே கேட்டது. அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. இந்த வயதில் அவரை எதற்கு அதற்குப் பழக்குகிறாய்?

நான் என்ன கொலைக்குற்றமா செய்துவிட்டேன்? ஒன்பது வருஷம் உனக்கு உதவிக் கோச்சாக நின்றேன். கொளுத்தும் ஆகஸ்டிலும் கொட்டும் பனியிலும் உன் பக்கத்தை விட்டு நகரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் இந்தக் கல்லூரி என்னைத் தலைமைக் கோச்சாகக் கூப்பிட்டது, வந்தேன். உன் எதிரணியாகப் போனது பிழையென்றால் அது பிழைதான். அதற்குப் பதிலாக நீ என் மகனை எடுத்துக்கொண்டாய். கணக்கு அத்தோடு தீரவில்லையா?

கர்ட் போன வருஷம் உன் கல்லூரியில் சேர்ந்தபோது என்ன சொன்னான் தெரியுமா? "நீ கத்தறத வீட்ல கேட்டது போதும்ப்பா, மைதானத்துலயும் கேக்கணுமா?" என்றான். இந்தக் கோடையில் வீட்டுக்கே வரவில்லை. உன் ஊர்த் தானியக் கிடங்கில் மூட்டை தூக்கினானாம். நான் எழுதிய நாலு கடிதத்துக்கும் பதில் இல்லை. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு.

அவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி எழுது. ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதினாலும் போதும்.

ஆர்லோ


டால்ஸ்டட், தெற்கு டகோட்டா
செப்டம்பர் 4, 1977

ஆர்லோ,

தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பின்பக்கத்தில் இடம் இல்லை, அதனால் இது.

உன் மகனை நான் எடுக்கவில்லை. அவன் காலால் நடந்து வந்தான். நல்ல உடம்பு, இருபது பவுண்டு கூடியிருக்கிறான். தடுப்பு வரிசைக்குப் பின்னால் நடுவே நிறுத்தியிருக்கிறேன், நம்பர் 54. எதிரணிக்காரன் பந்தைத் தூக்கிக்கொண்டு நடுவே ஓடிவந்தால் அவனிடம்தான் முட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிடுகிறான். ஆர்டிஸ் இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுடுகிற ஹாட்டிஷ் ஒரு தட்டு முழுக்க அவனுக்கு மட்டும். உன்னைப் பற்றி நான் பேசுவதில்லை, அவனும் பேசுவதில்லை.

நீ போனது பிழை இல்லை. நீ போனபோது என் ஆட்டத் திட்ட நோட்டை இரவோடிரவாகப் பிரதி எடுத்துக்கொண்டு போனாய் பார், அதுதான் பிழை. கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன்.

இந்த வருஷம் நாற்பத்தொரு பையன்கள். உருப்படுவார்கள் என்று தோன்றுகிறது. வேறு ஒன்றும் இல்லை.

வெர்லின்


மெரிக் ஃபோர்க்
அக்டோபர் 3, 1977

அண்ணா,

நோட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு நாலு பதில் எழுதிக் கிழித்தேன். அதில் பாதி என் கையெழுத்து, நீ சொல்லச் சொல்ல நான் எழுதியது. சரி, விடு. கேட்டிருக்க வேண்டும். கேட்காதது தப்பு.

நாலு ஆட்டம் நாலு வெற்றி என்று பேப்பரில் பார்த்தேன். சந்தோஷம். பொய் சொல்லவில்லை, வயிறும் கொஞ்சம் எரிகிறது. நாங்கள் இரண்டு ஜெயித்து இரண்டு தோற்றிருக்கிறோம். என் உதவியாள் டென்னி இருபத்தாறு வயசுப் பயல், எல்லாம் தனக்குத் தெரியும் என்கிறான். நானும் உன்னிடம் அப்படித்தான் இருந்தேனா?

பேப்பரில் கர்ட் பெயர் இரண்டு முறை வந்திருந்தது. அம்மா அல்லவா, ஜோலீன் கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறாள். என் அணியைப் பற்றி வந்த எதையும் அவள் இதுவரை ஒட்டியதில்லை.

ஆர்லோ


டால்ஸ்டட்
அக்டோபர் 16, 1977

ஆர்லோ,

ஆறும் ஜெயித்தாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் கோச்சாக இருக்கிறேன், ஒரு தடவைகூட நம் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கத்தில் முதலிடத்தைத் தொட்டதில்லை. இன்னும் மூன்று ஜெயித்தால் தொடுவேன். மூன்றாவது உன்னோடு. கடவுளுக்கும் குறும்பு உண்டு.

ஊரே தலைகீழாக நிற்கிறது. முடிதிருத்துபவர் என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்கிறார். போன வருஷம் இவர்தான் ஆட்டத்தையே மூடிவிட்டுக் கல்லூரி நூலகம் கட்டட்டும் என்றவர்.

உன் மகனைப் பற்றிக் கேட்டாய். நேற்று பதினாலு பேரைக் கீழே தள்ளினான். அவன் முட்டுகிற சத்தம் பார்வையாளர்கள் உட்காரும் படிவரிசை வரை கேட்கிறது. நீ விளையாடிய காலத்தில் உனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது, நீயே ஒத்துக்கொள்வாய். நேற்று ஆட்டம் முடிந்து துண்டை எடுத்துக்கொண்டு போகிறபோது, "அப்பா டீம் எப்படி ஆடுச்சு கோச்?" என்று கேட்டான். மைதானத்தில் கோச், வீட்டில் பெரியப்பா, அதில் கறாரான பையன். தோற்றார்கள் என்றேன். சிரிக்கவில்லை. அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வெர்லின்


மெரிக் ஃபோர்க்
அக்டோபர் 26, 1977

அண்ணா,

இருபத்திரண்டாம் தேதி ஆட்டப் படம் நேற்று வந்தது. ஏழாவது வெற்றிக்கு வாழ்த்து. இனி நான் எழுதப் போவதைக் கோபப்படாமல் கடைசி வரை படி.

மூன்றாம் கால்பகுதியில், எதிரணியின் அந்தப் பெரிய உடம்புக்காரன் பந்தோடு நடுவே வருகிறான். கர்ட் தலையைக் குனிந்து நேருக்கு நேர் மோதுகிறான். இருவரும் விழுந்து எழுகிறார்கள். உன் படக்காரன் வழக்கமாக அந்த இடத்தில் காமிராவை நிறுத்திவிடுவான், அன்றைக்கு மறந்துவிட்டான் போலிருக்கிறது. அடுத்த ஓட்டத்தைத் திட்டமிட எதிரணி வட்டமாகக் கூடுகிறது. கர்ட் நேரே நடந்து போய் அந்த வட்டத்துக்குள் தலையை நுழைக்கிறான். எதிரணி வட்டத்துக்குள், அண்ணா. நடுவர் தோளைப் பிடித்துத் திருப்பி உங்கள் பக்கம் அனுப்புகிறார். படத்தில் சத்தம் கிடையாது, ஆனாலும் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று தெரிகிறது. அப்புறம் அவன் உன்னிடம் வருகிறான். நீ விரலைக் காட்டுகிறாய். ஹெல்மெட்டில் ஒரு தட்டு. திரும்ப உள்ளே போகிறான்.

அந்த இடத்தைப் பதினேழு தடவை ஓட்டிப் பார்த்தேன். முன்னுக்கும் பின்னுக்கும். என் மகன் அந்த வட்டத்துக்குள் போவான், பின்னோக்கி வருவான், மறுபடி போவான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டென்னி, "இந்தப் பய பொறி கலங்கிட்டான் கோச். நாம நடுவுலயே ஓடலாம், அவன் மேலயே விடலாம்" என்றான். அவன் யார் என்று டென்னிக்குத் தெரியாது. நம் குடும்பப் பெயர் படத்தில் எழுதியா இருக்கிறது? நான் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கர்ட்டை உட்கார வை. இந்தச் சனிக்கிழமையும் வேண்டாம், அடுத்ததும் வேண்டாம். பெரிய ஊரில் மூளை டாக்டரிடம் காட்டு. அடுத்த வாரம் உன்னோடு ஆடப்போகிறவன் இதைக் கேட்கிறான் என்றால் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

ஜோலீனிடம் சொல்லவில்லை. சொன்னால் இந்த நிமிஷமே காரை எடுத்துக்கொண்டு அங்கே வந்து நிற்பாள்.

ஆர்லோ


டால்ஸ்டட்
அக்டோபர் 27, 1977

ஆர்லோ,

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

என் அணியின் முதுகெலும்பே அந்தப் பையன். அவன் இல்லாமல் உன்னோடு ஆடினால் நடுவே தடுக்க ஆளில்லை. நடுவேதான் ஓடுவோம் என்று உன் டென்னியே சொல்லிவிட்டான், நீயே எழுதியும் அனுப்புகிறாய். நோட்டைத் திருடியபோது கேட்காமல் எடுத்தாய். இந்தத் தடவை கேட்டு எடுக்கப் பார்க்கிறாய். முன்னேற்றம்தான்.

அவனுக்கு ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் இரண்டு தட்டுச் சாப்பிட்டான். தலை கொஞ்சம் வலிக்கிறது என்றான், யாருக்கு வலிக்காது? முட்டினால் வலிக்கும். எதிரணி வட்டத்துக்குள் போனதை வைத்து உடை மாற்றும் அறையில் பையன்கள் அவனைக் கிண்டல் பண்ணித் தள்ளுகிறார்கள். நானும் சிரித்தேன், இல்லை என்று சொல்லவில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் பாவர் வீட்டுப் பையன் மயங்கி விழுந்தானே, மூக்கில் அம்மோனியாவைக் காட்டி எழுப்பி, "போடா, ஆடு" என்று உள்ளே தள்ளியது யார்? நான் மைதான ஓரத்தின் மறுகோடியில் நின்றேன். தள்ளியது நீ. அன்றைக்கு இந்தக் கரிசனம் எந்த அலமாரியில் இருந்தது?

சனிக்கிழமை ஆடுவான். அடுத்த சனிக்கிழமையும் ஆடுவான். உன்னால் முடிந்தால் அவனைத் தாண்டி ஓடிப் பார்.

வெர்லின்


மெரிக் ஃபோர்க்
நவம்பர் 1, 1977

அண்ணா,

இருபத்தொன்பதாம் தேதிப் படத்தையும் பார்த்துவிட்டேன். எட்டாவதும் ஜெயித்துவிட்டீர்கள்.

பாவர் பையனைத் தள்ளியது நான்தான். மறுக்கவில்லை. அவன் இப்போது மிட்செல்லில் டிராக்டர் கடையில் இருக்கிறான், ஒரு வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் தொலைத்துவிடுகிறான். போன வருஷம் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை, ஜோலீனிடமும் சொல்லவில்லை. நான் செய்ததால்தான் எனக்குத் தெரிகிறது. தெரியாதவன் எழுதியிருந்தால் நீ கோபப்படலாம்.

இந்தப் படத்தில் அவன் மூன்று தடவை தப்பான பக்கம் போய் நிற்கிறான். 61ஆம் நம்பர் பையன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது, உன்னிடம் சொல்லாமல் மறைக்கிறான். நான்காம் கால்பகுதியில் எல்லாரும் எழுந்த பிறகு கர்ட் ஒரு முழங்காலில் அப்படியே இருக்கிறான். எழுகிறபோது இடது கை தொங்குகிறது. பத்தொன்பது வருஷம் பார்த்த கை அது. அந்தக் கையால்தான் அவன் சாப்பிடுவான், எழுதுவான், கதவைச் சாத்துவான்.

என்னை நம்பாதே. நம்பச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் செய்.

நான் ஒன்பது வருஷம் உன் பக்கத்தில் நின்றவன். ஒருத்தன் கலங்கி வந்தால், "எத்தனை விரல்?" என்று கேட்பாய். கையில் விசில், கக்கத்தில் ஆட்டக் குறிப்பு அட்டை, அதனால் எப்போதும் இரண்டு விரலைத்தான் நீட்டுவாய். ஒரு நாளும் மூன்று காட்டி நான் பார்த்ததில்லை. இது உனக்கே தெரியாது. பையன்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவனுக்கு முதல் வாரமே மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், கோச் கேட்டால் ரெண்டு என்று சொல்லு, உள்ளே அனுப்பிவிடுவார் என்று. எனக்கும் தெரியும். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை, ஆட்டம் நடக்க வேண்டுமே.

நாளைக்குப் பயிற்சியில் அவனுக்கு நாலு விரலைக் காட்டு. நாலு என்று சொன்னால் ஆடவிடு. நான் இனி ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

ஆர்லோ


டால்ஸ்டட்
நவம்பர் 3, 1977, வியாழன்

ஆர்லோ,

உன் கடிதத்தைப் படித்துக் கசக்கி அடுப்பில் போடப் போனேன். ஆர்டிஸ் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நேற்று பயிற்சி முடிந்து அவனைக் கூப்பிட்டேன். நான் நாலு காட்டவில்லை. ஒன்றுமே காட்டவில்லை. கையை மூடி முஷ்டியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"எத்தனை விரல்டா?"

"ரெண்டு, கோச்."

"நல்லாப் பாரு."

"ரெண்டுதான் கோச்," என்று சொல்லிச் சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று கண்ணைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

பிறகு மற்றவர்களையும் வரிசையாக நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு எத்தனை என்று கேட்டேன். பாதிப் பேர் யோசிக்காமல் ரெண்டு என்றார்கள். அப்புறம் அவர்களுக்கே புரிந்து சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம், ஆர்லோ. எத்தனை பையன்களை உள்ளே அனுப்பியிருப்பேன் என்று நேற்று படுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். முடியவில்லை.

கர்ட்டின் ஹெல்மெட்டை வாங்கி என் கார் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஹெல்மெட் கையில் இருந்தால் இந்தப் பயல்கள் எப்படியாவது உள்ளே நுழைந்துவிடுவார்கள். ஊர் டாக்டர் பார்த்தார். இரண்டு வாரம் ஓய்வு, ஆஸ்பிரின் என்றார். பெரிய ஊருக்கு ஆட்டம் முடிந்து திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன்.

"அப்பாதானே சொன்னாரு?" என்று கேட்டான். எனக்கும் பொய் வராது என்று இப்போது தெரிகிறது. "அவரு ஜெயிக்கணும்னு என்னை உட்கார வெக்கிறாரு, நீங்களும் கேக்கறீங்க" என்றான். சுவரில் குத்தினான். என்னைப் பெரியப்பா என்றும் கூப்பிடவில்லை, கோச் என்றும் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை வா. ஜெயிக்கிற எண்ணத்தோடு வா, இல்லாவிட்டால் அதையும் சகிக்க முடியாது.

வெர்லின்


டால்ஸ்டட்
நவம்பர் 10, 1977

ஆர்லோ,

ஆஸ்பத்திரியில் ஜோலீன் என்னை அவன் அறைக்குள் விடவில்லை. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அன்றைக்கு உன்னோடும் பேச முடியவில்லை. நீ மறுபக்கம் நின்றதால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

நான்காம் கால்பகுதி, ஏழு நிமிஷம் பாக்கி, நாங்கள் பத்து, நீங்கள் ஆறு. கர்ட் பெஞ்சின் ஓரத்தில் கம்பளித் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தான். முதல் பாதி முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திடீரென்று எழுந்து வந்து, "பெரியப்பா, தலைக்குள்ள என்னமோ பண்ணுது" என்றான். பெரியப்பா என்றான், மைதானத்தில். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாந்தி எடுத்தான், அப்படியே மடிந்தான்.

அட்டையை உதவிக் கோச் எர்னியிடம் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸில் ஏறிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. தொண்ணூறு மைல் அவன் கையைப் பிடித்துக்கொண்டே போனேன், இடது கை.

ஸ்கோரை நான் கேட்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. உள்ளே தலையைத் திறந்துகொண்டிருக்கிறார்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு நான் தாழ்வாரத்தில் ஒரு நர்ஸிடம் போய், டால்ஸ்டட் ஆட்டம் என்ன ஆச்சு என்று கேட்டேன். பதின்மூன்று பத்து என்றாள். ஐயோ என்றேன். அந்த ஐயோ எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவனை உட்கார வைக்கச் சொன்ன உன் முதல் கடிதம் இருபத்தாறாம் தேதி எழுதியது. அதைப் படித்துவிட்டு இருபத்தொன்பதாம் தேதி அவனை ஆடவிட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை.

வெர்லின்


மெரிக் ஃபோர்க்
நவம்பர் 20, 1977

அண்ணா,

என் பங்கையும் கேட்டுக்கொள்.

நீ மைதானத்தை விட்டுப் போவதைப் பார்த்தேன். பார்வையாளர் படிவரிசைக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் நின்றதையும் பார்த்தேன். குளிரில் யாரோ கிழவர் விழுந்துவிட்டார் என்று நினைத்தேன், நினைக்க வசதியாக இருந்தது. உன் பையன்கள் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், யார் எங்கே நிற்பது என்று சொல்ல நீ இல்லை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இதுதான் சமயம் என்று தோன்றியது. தூரமாக எறியச் சொன்னேன். டச்டவுன். ஜெயித்தோம், என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அந்த உயரத்திலிருந்துதான் அண்ணி மைதானத்துக்குக் குறுக்கே ஓடி வருவதைப் பார்த்தேன்.

ஆக, யார் யாரை மன்னிப்பது?

மண்டைக்கும் மூளைக்கும் நடுவே இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கட்டியிருக்கிறது. இன்னும் ஒரே ஒரு முட்டு முட்டியிருந்தால் தன்னிடம் கொண்டு வந்திருக்கவே வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார். நீ ஹெல்மெட்டைப் பூட்டினாய். ஜோலீனிடம் அதைத் தினமும் சொல்கிறேன். அவள் கேட்டுக்கொள்கிறாள், அவ்வளவுதான். என்னோடும் அதிகம் பேசுவதில்லை, பத்து நாள் அவளிடம் மறைத்தேனே.

அவன் கண் விழித்துவிட்டான். எங்களைத் தெரிகிறது, இடது கை அசைகிறது. ஆனால் புதிதாக எதைச் சொன்னாலும் தங்குவதில்லை. காலையில் சொன்னது சாயங்காலம் இல்லை. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். புதன்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம்.

ஆர்லோ


டால்ஸ்டட்
நவம்பர் 27, 1977

ஆர்லோ,

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் பொருத்தமாகத்தான் இருக்கும். விடவில்லை. வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அடுத்த வருஷத்திலிருந்து விரல் கிடையாது. இன்றைக்கு என்ன கிழமை, அம்மா பேர் என்ன, போன ஆட்டம் யாரோடு என்று கேட்பேன். மூன்றில் ஒன்று தப்பினாலும் ஹெல்மெட் டிக்கிக்குப் போகும். ஊரில் இதற்குள் சிரிக்கிறார்கள். முடிதிருத்துபவர் மறுபடி காசு வாங்குகிறார்.

பேப்பரில் உன்னைப் பற்றி ஒருத்தன் எழுதியிருந்தான், தம்பி அண்ணனை ஏமாற்றி நல்ல ஆட்டக்காரனை உட்கார வைத்துவிட்டான் என்று. நேரில் போய் அவன் மேஜை முன்னால் நின்று உன் இரண்டு கடிதத்தையும் படித்துக் காட்டினேன். திருத்தம் போடுவதாகச் சொன்னான், சின்ன எழுத்தில்.

நான் கர்ட்டைப் பார்க்க வரலாமா? ஜோலீனைக் கேட்டுச் சொல். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

வெர்லின்


மெரிக் ஃபோர்க்
டிசம்பர் 5, 1977

அண்ணா,

இங்கே ஒவ்வொரு நாளும் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன்.

காலையில் எழுந்து சமையலறைக்கு வருவான். தலையைத் தடவிப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்பான். சொல்வேன். அப்புறம், "மெரிக் ஃபோர்க் ஆட்டம் என்னாச்சு? நான் ஆடினேனா?" என்பான். முதல் நாள் பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். ஆடினாய், பன்னிரண்டு பேரைத் தள்ளினாய், உங்கள் அணிதான் ஜெயித்தது என்று சொன்னால் சிரித்துக்கொண்டே ரொட்டியைத் தின்றுவிட்டுப் போவான், சாயங்காலம் மறந்தும்விடுவான். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் வாய் வரவில்லை. நம் குடும்பத்தில் யாருக்கும் வராது போலிருக்கிறது.

ஆடவில்லை, நான்தான் பெரியப்பாவிடம் சொல்லி உன்னை உட்கார வைத்தேன், எங்கள் அணி ஜெயித்தது என்று சொன்னேன். அவ்வளவுதான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "நீ ஜெயிக்கறதுக்காக என்னை உட்கார வச்சியா?" என்று ஆரம்பித்து, பத்து வயசில் நான் அவனை மழையில் ஓடவிட்டது வரை போனான். அரைமணி நேரம். மறுநாள் காலையில் அவனுக்கு ஒன்றும் நினைவில்லை, மறுபடி கேட்டான், மறுபடி சொன்னேன், மறுபடி முதலிலிருந்து. அதே கோபம், புத்தம் புதுசாக. இப்படிப் பதினொரு நாள். ஜோலீன் மூன்றாம் நாளே, "சொல்லாம விடேன் ஆர்லோ, தினமும் வெட்டு வாங்கணுமா?" என்றாள். ஒரு வருஷமாக என்னோடு பேசாத பிள்ளை தினமும் அரைமணி நேரம் பேசுகிறான், திட்டாவது திட்டுகிறானே, விடு என்றேன். வெளியே தைரியமாகச் சொன்னேனே தவிர, ஒவ்வொரு காலையும் மாடிப்படியில் அவன் காலடி கேட்கும்போது பின்வாசல் வழியாகப் போய்விடலாமா என்று பார்ப்பேன். இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தானோ, என் மகனுக்கு நாளைக்கு என்பதே கிடையாதோ என்று பயம்.

இன்றைக்கும் வந்தான். கேட்டான், சொன்னேன். எழுந்து நின்றான், கையை ஓங்கி மேஜையில் அடித்தான், இடது கையால், நல்ல பலமாக. "நீ ஜெயிக்கறதுக்காக" என்று ஆரம்பித்தவன் பாதியில் நின்றுவிட்டான். என்னையே பார்த்தான்.

"அப்பா, நேத்தும் இதே சண்டையத்தானே போட்டோம்?"

ஜோலீன் கையில் மாவோடு அப்படியே நின்றாள். கிறிஸ்துமஸுக்கு லெஃப்ஸெ ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஆமாண்டா என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"நான் எது வரைக்கும் சொன்னேன்?"

மழையில் ஓடவிட்டது வரைக்கும் என்றேன்.

"சரி, அப்ப அது வேணாம்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதற்கு அடுத்ததிலிருந்து ஆரம்பித்தான். அடுத்ததும் நிறைய இருக்கிறது, அண்ணா. ஒரு மணி நேரம் ஆயிற்று. முடிக்கும்போது, பெரியப்பா எங்கே என்று கேட்டான். அவரோடும் சண்டை போட வேண்டியிருக்கிறதாம்.

ஜோலீனைக் கேட்டேன். வரச் சொல் என்கிறாள்.

ஆர்லோ